பஞ்சத்துப் பிள்ளைகளுக்காகப் பைபிளை மொழிபெயர்த்த பண்டித ரமாபாய்

புனேயிலிருந்து தவுண்டு போகும் ரெயில் பாதையில் கெட்காவ் என்று ஒரு சிறிய ஸ்டேஷன் உண்டு. மும்பையிலிருந்து சென்னைக்குப் போகும் நம்மவர்கள் பலர் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் ஊருக்குப் போயிருப்பார்கள். வேகமாக ஓடும் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் கரும்பு வயல்களைப் பார்ப்பார்கள். பெயர்ப் பலகையைப் படிப்பதற்குள் வண்டி கடந்துவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சிறிய ஊரின் பெயர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் ஒரு பெண். அவர் பெரும் செல்வர் அல்ல. பதவியில் இருந்தவரும் அல்ல. தாயும் தந்தையும் பஞ்சத்தில் மடிய, அனாதையாக நடந்து திரிந்தவர். இருபத்து மூன்று வயதில் கைம்பெண் ஆனவர். காது சரியாகக் கேட்காதவர்.

அவர்தான் பண்டித ரமாபாய்.

அவரிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்று. அது படிப்பு. அந்த ஒரு சொத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

காட்டில் தொடங்கிய பாடசாலை

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ந் தேதி, கன்னட நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில், கங்கமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே. மராத்தி பேசும் சித்பாவன் பிராமணர். சமஸ்கிருதத்தில் பெரும் புலமை பெற்றவர்.

பெண்களுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுப்பது பாவம் என்று எண்ணிய காலம் அது. அனந்த சாஸ்திரி அதை ஏற்கவில்லை. தம் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். இதற்காக உடுப்பியில் பண்டிதர்கள் கூடி அவரிடம் விளக்கம் கேட்டார்கள். சாஸ்திரங்களிலிருந்தே ஆதாரம் எடுத்துக் காட்டி அவர் பதில் சொன்னார். ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. ஊர்வாயை விட்டு விலகிக் காட்டில் குடியேறினார். அங்கே வந்த மாணவர்களுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்னார்.

கையில் இருந்த பணம் கரைந்தது. குடும்பம் யாத்திரை புறப்பட்டது. அப்போது ரமாபாய் சில மாதக் குழந்தை. ஒரு பிரம்புக் கூடையில் வைத்து, தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள்.

அதன் பிறகு அந்தக் குடும்பத்துக்கு நிலையான வீடு இல்லை. கோவில் கோவிலாகப் போய்ப் புராணம் படிப்பார்கள். கேட்க வந்தவர்கள் அரிசியும் காசும் வைப்பார்கள். அதில்தான் ஜீவனம்.

மகளுக்கு எட்டு வயது ஆனதும் தாய் லட்சுமிபாய் பாடம் தொடங்கினார். கணவரிடம் கற்றதை அவர் மகளுக்குக் கொடுத்தார். ரமாபாய்க்கு நினைவாற்றல் அபாரம். பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களும் அவருக்கு மனப்பாடம் ஆயின.

பஞ்சம் தின்ற குடும்பம்

1874ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் தலைகாட்டியது. ஊரில் உள்ளவர்களுக்கே சோறில்லை. புராணம் கேட்க யார் வருவார்கள்? வந்தாலும் யார் அரிசி வைப்பார்கள்?

சாஸ்திரங்களைத் தவிர வேறு தொழில் எதுவும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. கூலி வேலை செய்யவும் கூச்சம். பிச்சை கேட்கவும் கூச்சம். பாத்திரமும் நகையும் ஒவ்வொன்றாக விலைபோயின. கடைசியில் திருப்பதிப் பக்கத்துக் காட்டுக்குள் போய், இலை தழைகளைத் தின்று நாட்களைக் கழித்தார்கள்.

வயதான தந்தை முதலில் இறந்தார். இறக்கும் முன்பு கடைசி மகளை அணைத்து, நேர்மையாக வாழ வேண்டும், கடவுளுக்கே தொண்டு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை மகள் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

சில வாரங்களில் தாயும் இறந்தார். பாடை தூக்க ஆள் இல்லை. எப்படியோ இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். அண்ணன் சீனிவாசன் மூன்றாவது ஆள். நான்காவது ஆள் ரமாபாய். குள்ளமான பெண் ஆனதால் தோளில் தாங்கினால் பாடை சாய்ந்தது. ஆகவே தலையில் வைத்துச் சுமந்தார்.

அடுத்து அக்காவும் போனார். மிஞ்சியவர்கள் அண்ணனும் தங்கையும்தான். இருவரும் நடந்தார்கள். தெற்கிலிருந்து வடக்கு வரை பல ஆயிரம் மைல் நடந்தார்கள். போர்த்திக்கொள்ளத் துணி இல்லாத குளிர் இரவுகளில் மணலில் பள்ளம் தோண்டி, மணலாலேயே உடம்பை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

1878ஆம் ஆண்டு இருவரும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள்.

கல்கத்தா கொடுத்த பட்டம்

இருபது வயதுப் பெண் சமஸ்கிருதத்தில் சரளமாகப் பேசுகிறாள் என்ற செய்தி கல்கத்தாவில் பரவியது. பண்டிதர்கள் அழைத்துப் பரிசோதித்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் அவருக்குப் பட்டம் வழங்கினார்கள். பத்திரிகைகள் எழுதின. கூட்டங்களில் மக்கள் நெருக்கியடித்தார்கள்.

அந்தப் புகழோடு நின்றிருந்தால், வாழ்நாள் முழுவதும் மாலையும் மரியாதையுமாக அவர் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் படித்த பெண் என்று தம்மைக் கொண்டாடும் அதே வீடுகளில், மற்றப் பெண்கள் எழுத்தறியாமல் மூலையில் இருப்பதை அவர் பார்த்தார். பத்து வயதில் கைம்பெண்ணாகித் தலை மழிக்கப்பட்ட சிறுமிகளைப் பார்த்தார். தாம் கற்ற கல்வி அவர்களுக்கு என்ன பயன் என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

1880ஆம் ஆண்டு அண்ணன் சீனிவாசன் இறந்தார். அதே ஆண்டில் ரமாபாய், பிபின் பிகாரி தாஸ் மேதாவி என்ற வங்காள வக்கீலை மணந்தார். அவர் வேறு சாதி. பதிவுத் திருமணம். இரண்டு பக்கத்து உறவும் அறுந்தது. மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது.

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. 1882ஆம் ஆண்டு பிப்ரவரியில் கணவர் காலராவில் இறந்தார். ரமாபாய்க்கு அப்போது வயது 23. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை.

கடல் கடந்து

குழந்தையுடன் புனே வந்தார். மராத்தி சுற்றத்தாரின் ஊர். அங்கே ஆரிய மகளிர் சமாஜம் என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். அரசாங்கம் அமைத்த ஹண்டர் கல்விக் கமிஷன் முன் சாட்சி சொன்னார். பெண்களுக்குப் பாடம் சொல்லப் பெண் ஆசிரியைகள் வேண்டும், பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்று வாதாடினார்.

தாமே டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1883ஆம் ஆண்டு தாம் எழுதிய மராத்திப் புத்தகத்தின் விற்பனைப் பணத்தை வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வான்டேஜ் என்ற ஊரில் கிறிஸ்தவ கன்னியர் மடத்தில் தங்கினார்.

அங்கே இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, அவருடைய காது கேட்கும் சக்தி குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் படிப்பு நடவாது என்று ஆயிற்று. ஆசைப்பட்ட கதவு அடைபட்டது.

மற்றொன்று, கன்னியர்கள் லண்டனில் வழிதவறிப்போன பெண்களுக்காக நடத்திய இல்லத்தைக் காண நேர்ந்தது. சமூகம் தள்ளிவிட்ட பெண்களைக் கூட உட்கார்ந்து பேசி, தொழில் கற்றுக்கொடுத்து, மனிதப் பிறவியாக நடத்துவதைப் பார்த்தார். இதைச் செய்யச் சொல்வது எந்த வேதம் என்று தேடிப் படித்தார். 1883ஆம் ஆண்டு செப்டம்பர் 29ந் தேதி குழந்தை மனோரமாவுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே சமஸ்கிருதம் கற்பித்தார். ஆண் மாணவர்களுக்கும் பாடம் சொல்லலாமே என்று பேச்சு வந்தபோது இந்தியாவில் இருந்த பிஷப்புமார்கள் கூடாது என்று தடுத்தார்கள். தம் தந்தையைத் தடுத்த பண்டிதர்களை ரமாபாய் அறிந்தவர். பிஷப்புமார் தடுத்தபோதும் அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. யார் எதைக் கற்பிக்கலாம் என்பதை ஆண், பெண் என்று பார்த்துத் தீர்மானிப்பது எந்த நியாயம் என்று எழுதிக் கேட்டார்.

1886ஆம் ஆண்டு அமெரிக்கா போனார். டாக்டர் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பு விழா பிலடெல்பியாவில் நடந்தது. அதைக் காணப் போனவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அங்கே ஊர் ஊராகப் பேசினார். இந்தியக் கைம்பெண்களின் நிலையை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார். பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் அமைந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பண உதவி செய்வதாக அந்தச் சங்கம் ஒப்புக்கொண்டது.

சௌபாத்தியில் சாரதா சதனம்

1889ஆம் ஆண்டு மார்ச் 11ந் தேதி பம்பாய் சௌபாத்திப் பகுதியில் சாரதா சதனம் என்ற பள்ளி திறக்கப்பட்டது. கைம்பெண்களுக்கான விடுதியும் பள்ளியும் அதுவே. முதலில் சேர்ந்த கைம்பெண் கோதுபாய். பின்னால் 1893ஆம் ஆண்டில் அவரை மணந்தவர்தான் மகரிஷி கார்வே. மும்பையில் எஸ்.என்.டி.டி. என்று நாம் சொல்லும் பெண்கள் பல்கலைக்கழகத்தை 1916ஆம் ஆண்டு தொடங்கியவர் அவர்.

சாரதா சதனம் அடுத்த ஆண்டே புனேக்கு மாறியது. பள்ளியில் யாரையும் மதம் மாற்றக் கூடாது என்பது ஏற்பாடு. பெண்கள் தங்கள் தங்கள் ஆசாரப்படி இருக்கலாம். ரானடே, பண்டார்க்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள்.

ஆனால் ரமாபாய் தம் மகளுடன் ஜெபம் செய்யும்போது அறைக் கதவைச் சாத்துவதில்லை. சில பெண்கள் தாங்களாக வந்து உட்கார்ந்தார்கள். இது வெளியே தெரிந்தது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாக எழுதியது. 1893ஆம் ஆண்டு ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள். உறவினர்கள் பல பெண்களைத் திரும்ப அழைத்துப் போனார்கள். நேற்று வரை புகழ்ந்த ஊர் இன்று பழித்தது. ரமாபாய் பள்ளியை மூடவில்லை. மிஞ்சிய பெண்களுடன் நடத்தினார்.

இந்த ஆண்டுகளில்தான் அவருக்குள்ளும் ஒரு மாறுதல் நடந்தது. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் ஆன பின்பு தம்மையே சோதித்துப் பார்த்தார். கிறிஸ்தவ மதத்தை அறிவால் ஏற்றுக்கொண்டோமே தவிர, கிறிஸ்துவிடம் தம்மை ஒப்படைக்கவில்லை என்று அவருக்குப் பட்டது. அதுவரை படிப்பு தம்முடையது என்று இருந்தவர், அது தமக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டது என்று எண்ணத் தொடங்கினார்.

கிறிஸ்தவர்கள் இதைத்தான் ஆவிக்குரிய வரம் என்கிறார்கள். தவம் இருந்து தனக்காகக் கேட்டு வாங்கும் வரம் அல்ல இது. பிறருக்குப் பயன்படும்படி ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் திறமை. எஜமான் கொடுத்துவிட்டுப் போன தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த வேலைக்காரனைப் பற்றி இயேசு சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அவன் அதைத் திருடவில்லை, தொலைக்கவும் இல்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தான். ஆனாலும் கணக்குக் கேட்ட நாளில் அவனே குற்றவாளி ஆனான்.

கெட்காவ் வந்த வண்டிகள்

1896ஆம் ஆண்டு மத்திய மாகாணத்தில் பெரும் பஞ்சம். செய்தி கேட்டதும் ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு நினைவுக்கு வந்தது. தாயைச் சுமந்த பாடை நினைவுக்கு வந்தது. கையில் போதுமான பணம் இல்லை. ஆனாலும் புறப்பட்டுப் போனார். எலும்பும் தோலுமாகத் திரிந்த சிறுமிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பஞ்சத்தில் பெண் பிள்ளைகளை விலைக்கு வாங்கிக் கெட்ட தொழிலில் தள்ளும் தரகர்களும் அந்த ஊர்களில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டியிருந்தது.

சுமார் 300 சிறுமிகள் சேர்ந்தார்கள். அவர்களைப் புனேயில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1897ஆம் ஆண்டு அங்கே பிளேக் நோய். புதிதாக ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். கெட்காவில் பள்ளிச் செலவுக்காக வாங்கிப் போட்டிருந்த சுமார் 100 ஏக்கர் நிலம் இருந்தது. அங்கே கூடாரம் போட்டு, கூரை வேய்ந்து, பிள்ளைகளைக் குடிவைத்தார்.

இதுதான் முக்தி மிஷன்.

1900ஆம் ஆண்டு குஜராத் பஞ்சத்தில் இன்னும் பலர் வந்தார்கள். இல்லத்தில் இருந்தவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய 2,000 ஆயிற்று. ரமாபாய் தாமே முரட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, விடியும் முன்பே எழுந்து, கிணறு வெட்டும் இடத்திலும் அடுப்படியிலும் நின்றார்.

ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு வரம்

இரண்டாயிரம் பேருக்குச் சோறு போடுவது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. வந்த பிள்ளைகள் தாங்கள் எதற்கும் உதவாதவர்கள் என்று நம்பிக்கொண்டு வந்தார்கள். கைம்பெண் என்றால் தரித்திரம் என்று கேட்டே வளர்ந்தவர்கள். பஞ்சத்தில் பெற்றவர்களே கைவிட்டவர்கள். அவர்களுக்கு எழுத்து ஏறுவதும் கடினம்.

இங்கேதான் ரமாபாய் பண்டிதையாக இல்லாமல் தாயாக யோசித்தார். எல்லோரையும் பண்டிதை ஆக்க அவர் முயலவில்லை. ஒவ்வொருத்திக்கும் எது வரும் என்று பார்த்தார்.

தறி நெய்ய வருபவளுக்குத் தறி. மாடு மேய்த்துப் பழகியவளுக்குப் பால் பண்ணை. செக்கில் எண்ணெய் ஆட்ட ஒரு கூட்டம். தோட்டத்துக்கு ஒரு கூட்டம். தையல், சமையல், துணி வெளுப்பு, நோயாளிகளைக் கவனிப்பது என்று வேலைகள் பிரிந்தன. படிப்பு நன்றாக வந்தவர்கள் ஆசிரியைகள் ஆனார்கள். அச்சுக்கூடம் வந்ததும் எழுத்துக் கோப்பது, அச்சடிப்பது, பைண்டு செய்வது எல்லாம் பெண்களே.

கண் தெரியாத பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிரெய்ல் எழுத்தும் கூடை முடைதல் போன்ற கைவேலையும் கற்றுக்கொடுக்கப்பட்டன. மனோரமாபாய் அதில் முன்நின்றார். வழி தவறி வந்த பெண்களுக்குக் கிருபா சதனம் என்று தனி இல்லம் அமைந்தது. இங்கிலாந்தில் பார்த்து மனம் கரைந்ததை மகாராஷ்டிர மண்ணில் செய்து காட்டினார்.

கொரிந்து பட்டணத்து சபையில் எந்த வரம் பெரியது என்று சண்டை வந்தபோது, பவுல் அப்போஸ்தலர் மனித உடம்பை உதாரணம் காட்டினார். கண்ணுக்குக் கை வேண்டும், தலைக்குக் கால் வேண்டும், பலவீனமாகத் தெரியும் உறுப்புகள்தான் அதிகம் தேவைப்படுகின்றன என்பது அவர் கருத்து. கெட்காவில் அது தினசரி நடைமுறை ஆயிற்று. செக்கு ஆட்டுபவள் இல்லாமல் ஆசிரியைக்கு விளக்கு எரியாது. தறியில் இருப்பவள் இல்லாமல் யாருக்கும் சேலை இல்லை.

1905ஆம் ஆண்டு எழுப்புதல்

1904, 1905ஆம் ஆண்டுகளில் வேல்ஸ் நாட்டில் பெரிய எழுப்புதல் நடந்தது. அசாம் பக்கத்துக் காசி மலைகளிலும் அதுபோல் நடந்ததாகச் செய்தி வந்தது. 1905ஆம் ஆண்டு ஜனவரியில் ரமாபாய் தம் பெண்களிடம் இதைச் சொன்னார். தினமும் கூடி ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். சுமார் 70 பேர் வந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் அந்தக் கூட்டம் 550 ஆகப் பெருகியது.

ஜூன் கடைசியில் முக்தியில் எழுப்புதல் பற்றிக்கொண்டது. பெண்கள் அழுது பாவ அறிக்கை செய்தார்கள். சத்தமாக ஜெபித்தார்கள். பின்னர் சிலர் அன்னிய பாஷைகளில் பேசியதாகவும் செய்தி வெளியானது. உலகத்தின் பல பக்கங்களிலிருந்து பார்க்க வந்தார்கள். அங்கே பணி செய்த மின்னி ஆபிரகாம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அது தென் அமெரிக்காவில் சிலி நாடு வரை போய் அங்கே ஒரு எழுப்புதலுக்கு வித்து ஆயிற்று.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று மிஷனரிகள் சிலரே குறை சொன்னார்கள். ரமாபாய் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. அவர் பிள்ளைகளை அதட்டி அடக்கவில்லை. இந்திய மக்கள் தங்கள் முறையில் கடவுளைத் தேடினால் அதை வெள்ளைக்காரர் அளவுகோலால் அளக்க வேண்டாம் என்றார். அதே சமயம் அன்னிய பாஷை பேசினால்தான் ஆவியைப் பெற்றவர் என்றும் அவர் சொல்லவில்லை. அன்பு இருக்கிறதா, நடத்தை மாறியிருக்கிறதா என்பதே அவர் வைத்த சோதனை.

எழுப்புதலுக்குப் பிறகும் தறி நிற்கவில்லை. அடுப்பு அணையவில்லை. பெண்கள் குழுக் குழுவாகச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். தாங்கள் பெற்றதைச் சொல்லிவிட்டு, மாலையில் திரும்பி வந்து வேலையைப் பார்த்தார்கள்.

கடைசி வேலை

இத்தனைக்கும் நடுவில் ரமாபாயின் மனதில் ஒரு குறை இருந்தது. அப்போது வழக்கில் இருந்த மராத்தி பைபிளில் சமஸ்கிருதச் சொற்கள் மலிந்திருந்தன. பதினெண்ணாயிரம் சுலோகம் தெரிந்த அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பஞ்சத்திலிருந்து வந்து, நேற்றுத்தான் எழுத்துக்கூட்டக் கற்ற பெண்ணுக்கு?

பாமரப் பெண்ணும் தானே படித்துப் புரிந்துகொள்ளும் மராத்தியில் பைபிள் வேண்டும் என்று தீர்மானித்தார். யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். மூல மொழிகளிலிருந்து தாமே மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பகலில் இல்ல நிர்வாகம். மிஞ்சிய நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு. இப்படி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள்.

ஆயுள் முழுவதும் சேர்த்த புலமை அனைத்தையும் அவர் இந்த ஒரு வேலையில் கொட்டினார். கடினமான சொல்லைத் தேடி அல்ல, எளிய சொல்லைத் தேடி. பட்டம் வாங்கிக் கொடுத்த சமஸ்கிருதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அடுப்படியில் பேசும் மராத்தியை எடுத்தார். முக்தி அச்சுக்கூடத்தில் பெண்களே எழுத்துக் கோத்தார்கள். ஒரு காலத்தில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த பிள்ளைகளின் கைகள்தான் அந்த ஈய எழுத்துக்களை அடுக்கின.

1919ஆம் ஆண்டு அரசாங்கம் அவருக்குக் கெய்சரிஹிந்த் பதக்கம் அளித்தது. 1921ஆம் ஆண்டு ஜூலையில் மகள் மனோரமாபாய் இறந்தார். தமக்குப் பின் இல்லத்தை நடத்துவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள். தந்தை, தாய், அக்கா, அண்ணன், கணவர் என்று ஒவ்வொருவராகப் பறிகொடுத்தவர், கடைசியில் மகளையும் பறிகொடுத்தார். ஆனாலும் புரூப் திருத்துவதை நிறுத்தவில்லை.

உடம்பு ஓய்ந்துவிட்டது. வேலை முடிய இன்னும் பத்து நாள் கொடு என்று கடவுளிடம் கேட்டதாகவும், அந்தத் திருத்தம் முடிந்த பின்பே கண் மூடியதாகவும் சொல்வார்கள். 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ந் தேதி அவர் காலமானார். 64 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. முழு பைபிள் 1924ஆம் ஆண்டு வெளிவந்தது.

எது மிஞ்சியது?

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ரமாபாயின் மொழிபெயர்ப்பு மராத்தி சபைகளில் பரவலாக வழக்கத்துக்கு வரவில்லை. மூலத்தை அப்படியே ஒட்டிப் போனதால் சில இடங்களில் நடை தடுக்குகிறது என்று அறிஞர்கள் குறை கண்டார்கள். பழைய மொழிபெயர்ப்பே நிலைத்தது.

அப்படியானால் பதினைந்து ஆண்டு உழைப்பு வீணா?

புத்தகத்தை மட்டும் எண்ணினால் அப்படித் தோன்றலாம். ஆனால் அந்தப் புத்தகத்தை அச்சடித்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தே தெரியாமல் வந்தவர்கள் எழுத்துக் கோக்கும் தொழிலாளிகள் ஆனார்கள். தன் கையால் ஒன்று ஆகும் என்று ஒவ்வொருத்தியும் கண்டுகொண்டாள். அது யாரும் திரும்பப் பறிக்க முடியாத சொத்து.

கெட்காவில் முக்தி மிஷன் இன்றும் நடந்துவருகிறது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். இந்திய அரசாங்கம் 1989ஆம் ஆண்டு ரமாபாய்க்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது.

வரம் என்றால் மேடை ஏறிப் பேசுவதும், பாடுவதும், அற்புதம் செய்வதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையே என்று ஒதுங்கியும் விடுகிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் உண்டு. நோயாளி பக்கத்தில் முகம் சுளிக்காமல் உட்காரத் தெரிந்தவர் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு மனு எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர் உண்டு. பத்துப் பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர் உண்டு. கெட்காவ் அம்மையாரின் கணக்கில் இவை எல்லாமே வரம்தான். பெரியது சிறியது அல்ல, யாருக்குப் பயன்பட்டது என்பதே அவர் கேட்ட கேள்வி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, புனே தாண்டியதும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் கவனமாக இருந்தால் அந்தப் பெயர்ப் பலகை கண்ணில் படும். வண்டி நிற்காது. ஆனால் நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக, போக்கிடம் இல்லாத பெண்களுக்கு அந்த ஊர் நின்றுகொண்டுதான் இருக்கிறது.